யார் கண்ணிலிருந்து

உம்மே ஹானியின் நிக்காஹ் ஆல்பத்தில் அவள் தங்கை ஆஃப்ரீன் எல்லாப் படத்திலும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிறாள். பிரியாணித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதும் கண்ணாடி, அக்காவைக் கட்டிக்கொண்டு அழும்போதும் கண்ணாடி. முதல் தடவை பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆனால் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுச் சந்தில் இருக்கிற அந்த மாப்பிள்ளை வீட்டில் இப்போது யாரும் ஆல்பத்தைப் பிரிப்பதில்லை.

மழைக்காலம் முடிந்து ஊர் காய்ந்துகொண்டிருந்த சமயம் அது. எங்கே பார்த்தாலும் மெட்ராஸ் ஐ. உலகம் முழுக்க வருகிற கண்வலிக்கு நம் ஊர்ப் பேரை வைத்துவிட்டுப் போன புண்ணியவான் யாரோ தெரியவில்லை. நாமும் ஏதோ சொந்தக்காரன் மாதிரி வருஷா வருஷம் அதை வரவேற்றுக்கொண்டிருக்கிறோம். பஸ்ஸில் கண்ணாடி, பேங்கில் கண்ணாடி, குளத்தங்கரையில் பூ விற்கிற அம்மாவுக்கும் கண்ணாடி. ஆஃப்ரீனுக்கு நிக்காஹுக்கு முந்தின நாள் கண் சிவந்தது. சொந்த அக்கா கல்யாணத்துக்கு வராதே, கே.கே. நகர் வீட்டிலேயே கிட என்று எந்தத் தாய் சொல்லுவாள்? ரங்கநாதன் தெருவில் அவசரமாக ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை பெயர் சைஃப். டி. நகரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். சும்மா டிஸ்ப்ளே மாற்றுகிற கடை இல்லை. போனின் உள்போர்டைக் கழற்றி மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து, கடுகில் பாதி இருக்கிற சிப்பைப் பெயர்த்து எடுத்துப் புதுசைப் பற்றவைக்கிற வேலை. மற்ற கடைக்காரர்கள் கைவிட்ட போன்களெல்லாம் கடைசியில் அவனிடம்தான் வரும். அவனுக்குச் சொத்து என்று இருந்தது அந்த இரண்டு கண்தான்.

நிக்காஹ் அன்றைக்குக் காலையில் அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளையின் அத்தா பீர் முஹம்மது அலமாரியிலிருந்து வெள்ளிச் சுர்மாதானியை, கண்ணுக்கு இடுகிற மைப்பொடிச் சிமிழை, எடுப்பார். அவருடைய அத்தா காலத்துச் சாமான். மூடியோடு சேர்ந்தே ஒரு மெல்லிய வெள்ளிக் குச்சி இருக்கும். பிஸ்மில்லாஹ் சொல்லி, குச்சியைச் சுர்மாவில் தோய்த்து, முதலில் தன் கண்ணில் இழுத்துக்கொள்வார். பிறகு துடைக்காமல் அப்படியே மூத்த மகளிடம் கொடுப்பார். அவள் அதே குச்சியால் தம்பி கண்ணில் இழுக்க வேண்டும். துடைத்தால் பெரியவர் கண்ணின் பரக்கத், அந்த ஆசி, போய்விடுமாம். மார்க்கத்தில் இப்படி எதுவும் சொல்லவில்லை. குடும்பங்கள் தாங்களாகச் சேர்த்துக்கொள்கிற சங்கதி இது. சுர்மா போடுகிற அக்காவுக்கு ஒரு பட்டுப்புடவை கிடைக்கும் என்பதால் அந்த வழக்கத்தை யாரும் கேள்வி கேட்டதும் இல்லை.

அன்றைக்குப் பீர் முஹம்மதுவின் கண் கொஞ்சம் சிவப்பாகத்தான் இருந்தது. அவருக்குக் கண்ணில் அழுத்தம். பல வருஷமாகச் சொட்டு மருந்து போடுகிறார். அந்த மருந்துக்கே கண் சிவக்கும். போதாததற்குக் கல்யாண வீட்டில் தூக்கம் ஏது? யாரும் கவனிக்கவில்லை. மூத்த மகள் வஜீஹாவும் கவனிக்கவில்லை. இத்தனைக்கும் அவள் அடையாறில் ஒரு கண் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த லேபில் வைரஸ் ஆராய்ச்சி பண்ணுகிறவள். கையில் குச்சியும் எதிரில் கூச்சத்தோடு கண்ணைச் சிமிட்டுகிற தம்பியும் இருந்தால் டாக்டர் பட்டமா ஞாபகத்துக்கு வரும்?

வஜீஹாவின் லேபில் அந்த சீசன் முழுக்க இதே வேலை. கண் சிவந்தவர்களின் கீழ் இமையை இழுத்துப் பஞ்சுக்குச்சியால் லேசாகத் துடைத்து, குழாயில் போட்டு ஐஸில் வைப்பார்கள். கண்வலி பார்வைக்கு ஒன்றுதான், அதைக் கொண்டுவருகிற வைரஸ் பல. காக்ஸாக்கி என்று ஒன்று. கிடுகிடுவென்று பரவும், நாலைந்து நாளில் போய்விடும். அடினோ என்று இன்னொன்று. அதிலேயே நம்பர் போட்டுப் பல வகை. சில வகை சாதுவாகப் போய்விடும், சில வகை கருவிழியில் தழும்பு வைத்துவிட்டுப் போகும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே பீளை. இந்த வருஷம் ஊருக்குள் சுற்றுவது எது என்று தெரிந்தால்தான் எதற்குப் பயப்படுவது, எதற்குப் பேசாமல் இருப்பது என்று டாக்டர்களுக்குத் தெரியும்.

மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த வலீமா விருந்துக்குக்கூட அவள் பையில் குழாய்களோடுதான் வந்தாள். ஆஃப்ரீனைக் கேட்டு, ஓரமாக உட்காரவைத்துக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் புதுப்பெண்ணுக்கும் கண் சிவந்தது. அவளுக்கும் ஒரு குச்சி. உம்மே ஹானி முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பீர் முஹம்மது வாசலில் நின்று சொன்னார்.

"எல்லா வூட்லயும் நாத்தனா கண்ணுல விரல வுட்டு ஆட்டுவா. எங்க வூட்ல குச்சிய வுட்டு ஆட்றா பாத்தியாமா."

புகுந்த வீட்டில் அவள் முதல் முதலாக வாய்விட்டுச் சிரித்தது அதற்குத்தான். அந்த வாரக் கடைசிக்குள் அவள் கண் தெளிந்துவிட்டது. ஆஃப்ரீன் கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம்தான் சைஃபுக்கு வந்தது. லேசாக வரவில்லை. இமை வீங்கிக் கண்ணைத் திறக்க முடியவில்லை, காதுக்கு முன்னால் நெறி கட்டியது. இரண்டு வாரம் படுத்தியெடுத்துவிட்டுச் சிவப்பு இறங்கிய பிறகும் வெளிச்சம் கூசியது. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் கருவிழியில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் விழுந்திருக்கின்றன என்றார். போகும், ஆனால் சில மாதமா, சில வருஷமா என்று சொல்ல முடியாது என்றார். சைஃப் கடைக்குப் போய் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தான். சிப் இருக்க வேண்டிய இடத்தில் புகைதான் தெரிந்தது. ஒரு போர்டைப் பொசுக்கிவிட்டு ஷட்டரை இழுத்து மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவன் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

அவன் அம்மா ஜமீலுன்னிசாவுக்கு அழுவதற்கு முன்னாலேயே கோபம் வந்துவிடும். அன்றைக்கும் அப்படித்தான்.

"கண்ணு நோவோட ஒருத்தி கல்யாணத்துக்கு வருவாளா? கண்ணாடி மாட்டிக்கினா நோவு உள்ளயே நின்னுடுமா? வந்த மறுநாளே இவ கண்ணும் செவந்துச்சு. அப்பவே எனுக்கு தெரியும். என் புள்ள பொழப்புல மண்ணு வுழுந்துச்சு."

உம்மே ஹானி அடுப்பங்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குமே அப்படித்தானோ என்று பயமாக இருந்தது. சைஃபின் தலையணையில் அவளும்தானே தலை வைத்தாள்.

பீர் முஹம்மதுதான் குரலை உயர்த்தினார். "ஏய், சும்மா கெட. நோவுக்கு சம்பந்தி வூடு தெரியுமா, நம்ம வூடு தெரியுமா? பஸ்ல வந்துருக்கும், கடைல வந்துருக்கும். அந்தப் பொண்ண இன்னாத்துக்கு இழுக்கறே?"

சைஃபுக்குச் சொட்டு மருந்து போடுகிற பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். பல வருஷமாகத் தன் கண்ணில் தானே விட்டுப் பழகிய கை. சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, அறை வாசலில் நின்று ஒரு தடவை செருமி, "உள்ள வரலாமாமா?" என்று மருமகளைக் கேட்டுவிட்டுத்தான் வருவார். கீழ் இமையை ஒரு விரலால் இழுத்து ஒரே ஒரு சொட்டு. கன்னத்தில் வழியாது. "மூடு. உருட்டாத," என்பார். அந்த நேரம் மட்டும் சைஃபின் முகத்தில் கொஞ்சம் நிம்மதி தெரியும். போகும்போது மருமகளைப் பார்த்து, "அவ பேசறத மனசுல வெச்சுக்காதமா, வாய்தான் பெருசு," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவார்.

அவர் சொன்னால் கேட்கலாம்தான். ஆனால் தினம் கேட்கிறவளுக்குத்தானே தெரியும். கே.கே. நகரிலிருந்து மாப்பிள்ளையைப் பார்க்க ஆப்பிளும் ஆரஞ்சுமாக வந்த அவளுடைய அம்மாவை ஜமீலுன்னிசா கூடத்தைத் தாண்டி விடவில்லை. "உள்ள போவாதீங்க. மிச்சம் மீதி இருக்கறதையும் குடுத்துட்டுப் போயிடாதீங்க," என்றாள். அம்மா பழத்தை வைத்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாள். அந்த முதுகைப் பார்த்தபோது உம்மே ஹானிக்கு வந்த அழுகையில் பாதி ஆத்திரம்.

அவள் கல்யாணத்துக்கு முன்னால் டி. நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தவள். கணக்கு இடித்தால் எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்காமல் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க மாட்டாள். அன்றைக்கே வஜீஹாவுக்குப் போன் பண்ணினாள்.

"அக்கா, என் கண்ல எடுத்தது உங்ககிட்ட இருக்குல்ல? ஆஃப்ரீனோடதும் இருக்கு. சைஃபுக்கு என்ன வைரஸ்னு பாருங்க. ரெண்டும் ஒண்ணான்னு மட்டும் சொல்லுங்க. என்னாலதான்னா நான் தலை குனிஞ்சு இருந்துக்கறேன். இல்லன்னா இவங்க வாயை மூடணும்."

சைஃபுக்குக் கண் வீங்கிய அன்றே வஜீஹா வந்து வீட்டில் எல்லாருக்கும் குச்சி போட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தாள். லேப் ஆள், அந்த வழக்கம் விடாது. "வகை கண்டுபிடிக்க நாளாகும் ஹானி. வைரஸோட மரபணுவை எழுத்தெழுத்தா படிச்சுப் பாக்கணும்," என்றாள். நாளாகட்டும் என்றாள் உம்மே ஹானி.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வஜீஹா வந்தாள். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சொன்னாள்.

"இவளுக்கும் ஆஃப்ரீனுக்கும் வந்தது காக்ஸாக்கி. சைஃபுக்கு வந்தது அடினோ, எட்டாம் நம்பர். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. இவ கண்லருந்து அவன் கண்ணுக்கு எதுவும் போகல."

உம்மே ஹானி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பீர் முஹம்மது அவளைப் பார்த்து, நான் அப்பவே சொல்லல என்கிற மாதிரி தலையை ஆட்டினார். ஜமீலுன்னிசா மட்டும் சோற்றைப் பிசைகிற கையை நிறுத்தவில்லை.

"அப்ப யார் கண்லருந்து வந்துச்சு?"

வஜீஹா தட்டைப் பார்த்தாள். "அது தெரியலம்மா."

"தெரியலன்னா? கண்ணு செவந்து வந்தவ இவ, கூட இருந்தவ இவ. நம்பர் வேறன்றே. உன் குழா எங்கனா மாறிப்போயிருக்கும். தம்பி பொண்டாட்டி அழறாளேன்னு சொல்லிக்கினு வந்துட்டே."

ஆராய்ச்சியின் கதி அவ்வளவுதான். இவள் இல்லை என்று சொன்னால் போதாது, யார் என்று ஓர் ஆளைக் காட்ட வேண்டும். ஆளைக் காட்டாத நியாயம் நம் ஊரில் எந்த வீட்டில்தான் செல்லுபடியாகியிருக்கிறது?

வஜீஹா தட்டைப் பார்த்ததை உம்மே ஹானி பார்த்துவிட்டாள். மறுநாளே பஸ் பிடித்து அடையாறு போனாள். ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் டீக்கடை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். வஜீஹா லேப் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"உங்களுக்குத் தெரியும். யாருன்னு சொல்லுங்க அக்கா."

"கேக்காத ஹானி. நீ இல்லன்னு ஆயிடுச்சு. அத்தோட விடு."

"யாருக்கு ஆயிடுச்சு? உங்களுக்கு ஆயிடுச்சு. எனக்கு ஆகலயே."

வஜீஹா டீயைக் கீழே வைத்தாள். "அத்தா," என்றாள்.

பிறகு சொன்னாள். மயிலாப்பூரில் ஒரு சின்னக் கண் கிளினிக். அங்கே கண் அழுத்தம் பார்த்துக்கொண்ட நாலைந்து பெரியவர்கள் ஒரே சமயத்தில் கண் வீங்கி இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அழுத்தம் பார்க்கிற கருவியின் முனை கண்ணைத் தொடும். அங்கே அதை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்த ஆளுக்கு வைத்திருக்கிறார்கள். இந்த அடினோ ஸ்பிரிட்டுக்கெல்லாம் லேசில் சாகாது. அவர்கள் எல்லார் கண்ணிலும் ஒரே எட்டாம் நம்பர், எழுத்து மாறாமல். பீர் முஹம்மது கண்ணிலும் அதுதான், சைஃப் கண்ணிலும் அதுதான். கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவரும் அந்தக் கிளினிக்குக்குப் போயிருக்கிறார்.

"மகன் நிக்காஹ நல்லா பாக்கணும், கண்ண செக் பண்ணிக்கினு வந்துர்றேன்னு போனார்," என்று சொல்லும்போதே வஜீஹாவின் குரல் உடைந்தது. "அவருக்கு ரொம்பப் பெருசா வரல. சொட்டு மருந்தால செவந்திருக்குன்னு நானும் விட்டுட்டேன். அந்தக் குச்சிய அவர் கண்லருந்து வாங்கித் தம்பி கண்ல வெச்சது யாரு? நான். ஊருக்கெல்லாம் கண்ணத் தொடாதீங்க, தொடாதீங்கன்னு கிளாஸ் எடுக்கறவ. புடவை வேற வாங்கிக்கிட்டேன்."

உம்மே ஹானி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் டீக்கடையில் உட்கார்ந்து அழுதார்கள். கடைக்காரர், ஆஸ்பத்திரிக்குள்ளே யாரோ சீரியஸ் போலிருக்கிறது என்று நினைத்துக் காசு வேண்டாம் என்றார்.

"கிளினிக்ல பேசிட்டேன். இனிமே ப்ளீச் கரைச்சு அதுல ஊறவெச்சுக் கழுவறோம்னு சொல்லியிருக்காங்க. அது முடிஞ்சுது. அத்தாகிட்ட மட்டும் சொல்லிடாத ஹானி. அவர் தாங்க மாட்டார்."

"சொல்ல மாட்டேன்," என்றாள். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். அந்த வீட்டில் தனக்காகப் பேசுகிற ஒரே மனுஷனைக் காட்டிக்கொடுத்து நல்ல பேர் வாங்க அவளுக்கு மனசு வரவில்லை.

ரொம்ப நாள் அடக்கிக்கொண்டுதான் இருந்தாள். ஜமீலுன்னிசா என்ன சொன்னாலும் பாத்திரம் தேய்க்கிற சத்தத்தில் கரைத்துவிடுவாள். சாயங்காலங்களில் சைஃபை பெசன்ட் நகர் பீச்சுக்குக் கூட்டிக்கொண்டு போவாள். விளக்குகளைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது என்று அவன் சொல்லும்போது, யாரால் என்று நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுவாள். வீட்டுக்கு வந்தால் வாசலில் செருமல் கேட்கும். "உள்ள வரலாமாமா?" அந்தக் குரலுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும்.

அப்படியே போயிருக்கலாம். ஆனால் ஆஃப்ரீனுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. ராயப்பேட்டையில் ஜமீலுன்னிசாவுக்குத் தூரத்துச் சொந்தம். கல்யாணத்தில் பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய், பையனின் அம்மா விசாரிக்க வந்திருந்தாள். உம்மே ஹானி சந்தோஷமாக ஏலக்காய் தட்டிப்போட்டு டீ வைத்தாள். தட்டோடு கூடத்துக்கு வரும்போது மாமியாரின் குரல் கேட்டது.

"பொண்ணு லட்சணமாத்தான் கீறா. கொறை சொல்லக் கூடாது. ஆனா அந்த வூட்ல கண்ணு நோவு கீதுமா. மறைச்சு, கண்ணாடி மாட்டித்தான் கூட்டிக்கினு வருவாங்க. நான் ஏமாந்தேன், என் புள்ள கண்ணு போச்சு. நீ யோசிச்சு செய்."

தன்னைச் சொன்னபோதெல்லாம் தாங்கினவளுக்குத் தங்கையைச் சொன்னதும் உடம்பெல்லாம் எரிந்தது. தட்டை டீப்பாயில் வைத்தாள். டீ தளும்பி வழிந்தது.

"என் தங்கச்சிக்கு வந்தது நாலு நாள்ல போயிடுச்சு மாமி. உங்க புள்ளைக்கு வந்தது எங்க வீட்லருந்து இல்ல. இந்த வீட்லருந்துதான். மாமா கண்லருந்து. கிளினிக்ல அவருக்கு ஒட்டியிருக்கு, நிக்காஹ் அன்னிக்கு அந்தச் சுர்மாக் குச்சியில சைஃப் கண்ணுக்குப் போயிருக்கு. லேப்ல எழுத்தெழுத்தா பாத்தாச்சு. நம்பலன்னா உங்க பொண்ணையே கேளுங்க."

சொல்லி முடித்துவிட்டுத்தான் திரும்பினாள். சைஃபின் அறை வாசலில் பீர் முஹம்மது நின்றுகொண்டிருந்தார். கையில் சொட்டு மருந்து பாட்டில், மூடி திறந்தபடி. செருமுவதற்காக வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"அப்படியாமா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கோபத்தில் உளறிவிட்டேன் என்று காலில் விழுந்திருக்கலாம். ஆனால் அவள் பொய் சொல்லவில்லை, கூடத்தில் ராயப்பேட்டைக்காரி வேறு உட்கார்ந்திருக்கிறாள், தங்கையின் வாழ்க்கை நடுவில் நிற்கிறது.

"ஆமா மாமா," என்றாள்.

அவர் பாட்டிலை மூடினார். டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். வாஷ்பேசினுக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் போய் மூடவில்லை.

இவள் இல்லை என்று சொன்ன லேபை நம்பாத ஜமீலுன்னிசா, இவர்தான் என்று சொன்ன லேபை அந்த நிமிஷமே நம்பினாள். அதற்கப்புறம் மருமகளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. கே.கே. நகர் சம்பந்தி வந்தால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து ஃபலூதா கொடுக்கிறாள். ஆஃப்ரீனுக்கு ராயப்பேட்டை இடமே முடிவாகிவிட்டது. உம்மே ஹானி கேட்டதெல்லாம் அவளுக்குக் கிடைத்தது.

பீர் முஹம்மது மறுநாளிலிருந்து தனித் துண்டு, தனி டம்ளர், தனித் தட்டு என்று வைத்துக்கொண்டார். வஜீஹாவின் குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டால் கையை மேலே தூக்கிக்கொண்டு நிற்பார். சுர்மாதானியை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார், திரும்பி வரும்போது கையில் அது இல்லை. யாரும் கேட்கவில்லை. சைஃப் பல தடவை சொல்லிப் பார்த்தான். "வுடு அத்தா. தெரிஞ்சா செஞ்சே? எனுக்கு இப்ப தேவலாம்." அவர் தலையை மட்டும் ஆட்டுவார். மகன் முகத்தை நிமிர்ந்து பார்க்கமாட்டார்.

இதில் பெரிய கொடுமை, தன் கண் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளப் போவதையும் அவர் நிறுத்திவிட்டார். "என் கண்ணத் தொட்ட மிஷினு அடுத்து இன்னொருத்தன் கண்ணத் தொடும். வேணாம்," என்றார். அழுத்தம் என்பது சத்தம் போடாமல் பார்வையைத் தின்கிற வியாதி. ஓரத்தில் வருகிற ஆள் அவருக்குத் தெரிவதில்லை. கூடத்தில் நாற்காலியில் இடித்துக்கொள்கிறார். வஜீஹா கெஞ்சினாள், திட்டினாள். கடைசியில் ஒரு நாள் வலுக்கட்டாயமாக அவர் கீழ் இமையை இழுத்து ஒரு குச்சி எடுத்துக்கொண்டு போனாள்.

சைஃபுக்கு இப்போது சொட்டு போடுவது உம்மே ஹானிதான். "அத்தா போட்டா ஒண்ணே ஒண்ணுதான் வுழும். நீ போட்டா மோவாய் வரைக்கும் வழியுது," என்பான் சிரித்துக்கொண்டு. அவள் துடைத்துவிடுவாள். அவன் ஒரு தடவைகூட ஏன் சொன்னாய் என்று அவளைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

வஜீஹாவின் முடிவு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த நேரத்தில் போனில் வந்தது. பீர் முஹம்மதுவின் கண்ணில் எந்த வைரஸும் இல்லை. எட்டாம் நம்பரும் இல்லை, வேறு நம்பரும் இல்லை. உம்மே ஹானி போனைக் கையில் பிடித்துக்கொண்டே கூடத்துக்கு ஓடினாள். ஜன்னலோரமாகத் தன் தனி நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, ரிசல்ட் வந்துடுச்சு. உங்க கண்ல ஒண்ணுமே இல்ல. சுத்தமா இல்ல. எப்பவோ போயிடுச்சு. உங்களால யாருக்கும் இனிமே ஒண்ணும் ஆகாது. வாங்க, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாம். நான் கூட்டிட்டுப் போறேன்."

அவர் புன்னகை மாதிரி ஏதோ செய்தார். "சரிமா. அல்லாஹ் உன்ன நல்லா வெப்பான்," என்றார். எழுந்திருக்கவில்லை.

"நம்பலயா மாமா? அதே லேப்தான். அன்னிக்கு அந்த லேப் சொன்னத உடனே நம்பினீங்களே."

"லேப எங்கமா நம்பினேன்? எனுக்கு இன்னா தெரியும் லேபப் பத்தி. அன்னிக்கு நீ சொன்னே. நீ பொய் சொல்ற பொண்ணு இல்ல. அதனால நம்பினேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "இன்னிக்கும் நான்தான மாமா சொல்றேன்."

"இன்னிக்கு நீ என் மனசுக்காக சொல்றேமா," என்றார் பீர் முஹம்மது.

போனை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அந்தக் கண் அவ்வளவு சின்ன எழுத்தை இப்போது படிக்காது என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்றைக்கு டீத்தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போயிருந்தால் என்று ஆயிரம் தடவை நினைத்ததை இன்னொரு தடவை நினைத்தாள். பேசாமல் போயிருந்தால் தங்கை என்ன ஆகியிருப்பாள் என்பதையும் நினைத்தாள். இரண்டையும் நினைத்தபிறகும் வருத்தம் அப்படியேதான் இருந்தது.

அறைக்குள்ளிருந்து சைஃப் கூப்பிட்டான், சொட்டு போட நேரமாகிவிட்டது என்று. டிவிக்குப் பக்கத்தில் இருந்த பாட்டிலை உம்மே ஹானி எடுத்தாள். எடுத்து, ஒரு நிமிஷம் தயங்கி, மாமனாரிடம் நீட்டினாள்.

பீர் முஹம்மது இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்து, அவள் தாண்டிப் போவதற்காகச் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.